கரண்ட் வருது, ஆனா வண்டி கெளம்பலை

சனிக்கிழமை காலை பவர் வீடரின் கயிற்றை இழுத்தேன். பாதி தூரம் வந்த கயிறு சட்டென்று நின்று, என் கையையும் சேர்த்து உள்ளே இழுத்தது. கைப்பிடி விரலிடுக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மூடியில் ‘டப்’பென்று மோதியது. மதியத்துக்குள் நடுவிரல் மூட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. இந்த ரிப்பேரின் முதல் துப்பு அந்த வீக்கம்தான். ஆனால் அது துப்பு என்று எனக்கு உறைக்க ஐந்து நாள் ஆனது. அதற்குள் தேவையே இல்லாத ஒரு புது காயிலுக்கு (பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் சாமான்) 650 ரூபாய் கொடுத்திருந்தேன்.

தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். வாழையும் மஞ்சளும். களை ஓட்ட வைத்திருப்பது 7 குதிரைத்திறன் பெட்ரோல் வீடர். எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்200-ஐ அச்சு அசலாகப் பார்த்து வார்த்தது, 68 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், 196 சிசி, படுத்தவாக்கில் சாய்ந்த ஒற்றை சிலிண்டர். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், காங்கிரீட் கலக்கும் மிஷின் என்று எதைப் பிரித்தாலும் உள்ளே இதே எலும்புக்கூடுதான் இருக்கும். அதனால் இங்கே எழுதுவது வீடர்காரர்களுக்கு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் வண்டி நன்றாக ஓடியது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பவில்லை. இப்படி ஒரு எஞ்சின் முரண்டு பிடித்தால் நம் ஆட்கள் எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் கார்புரேட்டர். நானும் அப்படித்தான். கீழ்க் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் முத்து மாதிரி உருண்டது. ‘அவ்வளவுதான், பிடித்துவிட்டோம்’ என்று சந்தோஷம். இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் இருப்பதால், மழைக்காலத்தில் டேங்கில் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதி, கிண்ணத்தைத் துடைத்து, புது பெட்ரோல் ஊற்றி இழுத்தேன். ஒரு தடவை ‘புஸ்’ என்று கார்புரேட்டர் வழியாகத் துப்பியது. இன்னொரு தடவை கயிற்றைப் பிடுங்கியது. அவ்வளவுதான்.

அடுத்து பிளக். கழற்றினால் நனைந்திருந்தது. பெட்ரோல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். இந்த எஞ்சினுக்கு உரியது பிபிஆர்6இஎஸ் வகை பிளக், இடைவெளி 0.7-லிருந்து 0.8 மி.மீ. என்னுடையது 1 மி.மீ.க்கு மேலே அகன்று போயிருந்தது. சரி செய்து, ஒயர் முனைத் தொப்பியில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் அழுத்திப் பிடித்து இழுக்கச் சொன்னேன். நீலமாகப் பளிச் பளிச்சென்று வந்தது.

வீடர் ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தார். “கரண்ட் வருதுங்களே தம்பி. அப்புறம் என்னத்துக்குக் கெளம்ப மாட்டேங்குது?”

நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்தான் தப்பு. “காயில் வீக்காயிருச்சுங்கண்ணா. வெளியில வெச்சா அடிக்கும், உள்ள அமுக்கத்துல அடிக்காது” என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. வெளியே சாதாரணக் காற்றில் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டுவது ஒரு பொருட்டே இல்லை. சிலிண்டருக்குள் அமுக்கிய கலவையில் அதே தூரத்தைத் தாண்டப் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக்கை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு ‘பொறி நல்லாயிருக்கு’ என்று சொல்வதில் பாதி நம்பிக்கைதான் வைக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்பார்க் டெஸ்டர் இல்லையென்றால் ஒரு பழைய பிளக்கை எடுத்து, வளைந்த கொக்கியை நிமிர்த்தி 4, 5 மி.மீ. தள்ளி வையுங்கள். அந்தத் தூரத்தைத் தாண்டிப் பொறி விழுந்தால் காயில் தேறிவிட்டது. பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். உள்ளேயிருந்து பீச்சும் பெட்ரோல் ஆவி குப்பென்று பற்றும். நான் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் 650 ரூபாய் மிச்சம். செய்யவில்லை.

காயிலை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒயர்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன். இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது. எஞ்சின் தண்டின் முனையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம். அது சுற்றும்போது காயிலின் இரண்டு கால்களுக்கு எதிரே ஓடுகிறது. உள்ளே ஓடும் கரண்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் சரியான நொடியில் வெட்டிவிட, காயிலின் இரண்டாவது கம்பிச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பிப் பிளக்குக்குப் போகிறது. எஞ்சினை நிறுத்துவது என்பது காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரை பாடியில் தொட வைப்பதுதான். ஆகவே அந்த ஒயர் எங்கே உரசி, தோல் உரிந்து, இரும்பைத் தொட்டாலும் எஞ்சின் செத்துவிடும். ஸ்விட்ச் ‘ஆன்’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு கண்ணி, ஆயில் சென்சார். கிராங்க் கேஸில் ஆயில் குறைந்தால் அதுவும் இதே வழியில் பொறியைக் கொன்றுவிடும். சரிவில் நிறுத்திவிட்டு இழுத்தால்கூடச் சில சமயம் மக்கர் பண்ணும். இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு இழுத்தேன். அதே பொறி, அதே அடம். அந்தப் பக்கம் குற்றம் இல்லை.

புது காயில் வந்தது. காந்தத்திலும் காயில் கால்களிலும் இருந்த துருவை எமரி தாளால் தேய்த்து, இரண்டுக்கும் நடுவில் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டு போல்ட்டை இறுக்கினேன். 0.2-லிருந்து 0.6 வரை ஏற்கும். கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டு வைத்துச் செய்வார்கள், அதுவும் போதும். பொறி முன்னைவிடக் கொழுப்பாக வந்த மாதிரி இருந்தது. காசு கொடுத்து வாங்கிய சாமான் அப்படித்தான் தெரியும். கயிற்றை இழுத்தேன். மறுபடியும் கையைப் பிடுங்கியது. இந்தத் தடவை வீங்கிய விரலிலேயே.

அன்று ராத்திரி விரலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் யோசிக்க வேண்டியதை யோசித்தேன். பொறி இல்லாத எஞ்சின் கயிற்றைத் திருப்பி இழுக்காது. திருப்பி இழுப்பதற்குப் பலம் வேண்டும். பலம் வர உள்ளே ஏதோ வெடிக்க வேண்டும். அப்படியானால் பெட்ரோல் இருக்கிறது, காற்று இருக்கிறது, பொறியும் இருக்கிறது. எரியவும் எரிகிறது. ஆனால் பிஸ்டன் மேலே போய்ச் சேர்வதற்கு ரொம்ப முன்னாடியே எரிந்து, ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை நெஞ்சில் கை வைத்துக் கீழே தள்ளுகிறது. கேள்வி ‘கரண்ட் வருகிறதா’ என்பது இல்லை. ‘எப்போது வருகிறது’ என்பது.

இந்த எஞ்சினில் பொறி, பிஸ்டன் உச்சிக்கு வர சுமார் 20 டிகிரி இருக்கும்போது விழ வேண்டும். 3,600 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒரு நொடிக்கு 60 சுற்று, அதாவது 21,600 டிகிரி. 20 டிகிரியைக் கடக்க ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகத்தான் ஆகும். கலவை பற்றிப் பரவ அந்த நேரம் தேவை என்பதால்தான் முன்கூட்டியே பொறி. ஆனால் கையால் கயிறு இழுக்கும்போது எஞ்சின் சுற்றுவது மெதுவாக. அப்போது பொறி இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி முன்னால் விழுந்தால், வெடித்து முடிந்தும் பிஸ்டன் உச்சியைத் தொட்டிருக்காது. விரலுக்குத்தான் அடி.

சரி, இந்த நேரத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? காயிலை முன்னே பின்னே நகர்த்த வழியில்லை. போல்ட் ஓட்டைகள் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க மட்டுமே விடும். பழைய எஞ்சின்கள் மாதிரி நேரத்தைச் சரி செய்ய பாயிண்ட் (கரண்ட்டை வெட்டும் தொடுமுனை) கிடையாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: காந்தம் கிராங்க் மீது எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது. அதைச் சொல்வது ஒரு சின்ன இரும்புத் துண்டு. அரைநிலா வடிவத்தில், கிராங்க் முனையின் பள்ளத்தில் பாதி புதைந்து, ஃப்ளைவீலின் காடியில் பாதி நுழைந்து நிற்கும் உட்ரஃப் கீ.

மறுநாள் காலை அண்ணனைக் கூப்பிட்டு முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “வெள்ளிக்கிழமை கடைசியா எப்படிங்கண்ணா நிறுத்துனீங்க?”

கொஞ்சம் தயங்கினார். “நான் எங்கீங்க நிறுத்துனேன். கிழக்கால வாழைக்குள்ள ஏதோ கல்லுல கத்தி மாட்டி, டப்புன்னு அதுவா நின்னுபோச்சுங்க. பொழுதும் ஆச்சு, அப்படியே தள்ளிக்கிட்டு வந்துட்டேன்.”

பெல்ட் வைத்த மாடலாக இருந்தால் பெல்ட் வழுக்கி அந்த அதிர்ச்சியை விழுங்கியிருக்கும். என்னுடையதில் கிளட்ச்சுக்கு அடுத்து நேராக கியர் பாக்ஸ். கத்தி நின்றால் கிராங்கும் நிற்க வேண்டியதுதான். ஆனால் மறுமுனையில் கனமான ஃப்ளைவீல் ‘நீ நின்றால் நில், நான் போகிறேன்’ என்று சுற்றிக்கொண்டே போகப் பார்க்கும். அந்த இழுபறியில் நடுவில் மாட்டுவது கீ. ஃப்ளைவீல் ஓடும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டால் காந்தம் காயிலிடம் சீக்கிரம் வந்துவிடும், பொறி முந்திக்கொள்ளும். மாறாக, நட்டு தளர்ந்த எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் முன்னால் துள்ள, ஃப்ளைவீல் பின்தங்குவதும் உண்டு. அப்போது பொறி தாமதம். கயிறு கையைப் பிடுங்காது. சைலன்சரில் வெடிக்கும், இழுவை இருக்காது, சைலன்சர் சிவக்கச் சூடேறும். கை வலித்தால் முந்தல், காது வலித்தால் பிந்தல் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

சில எஞ்சின்களில் நட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாலே இரண்டு காடிகளும் நேராக இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இதில் அரைநிலா கீ உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் ஃப்ளைவீலை எடுக்காமல் பார்க்க முடியாது. எடுப்பதற்கு முன்னால் என் ஊகம் சரிதானா என்று பார்க்க ஆசை. காயில் விஷயத்தில் ஒரு தடவை சூடு பட்டாயிற்றே. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் இதே எஞ்சின் வைத்த தண்ணீர் பம்பு இருந்தது. “ஒரு மணி நேரம் குடுங்க மாமா, ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்று வாங்கி வந்தேன். “நீ போன தடவையும் இதையேதான்டா சொன்னே” என்றார். கொடுத்துவிட்டார்.

இரண்டு எஞ்சினிலும் கயிற்று மூடியைக் கழற்றிப் பிளக்கை எடுத்தேன். பிளக் ஓட்டையில் இளநீர்க் கடை பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றை விட்டு பிஸ்டன் தலையில் நிற்க வைத்தேன். ஈர்க்குச்சி, தீக்குச்சி எல்லாம் விடாதீர்கள். உள்ளே ஒடிந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஸ்ட்ரா மேலே ஏறி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு இறங்கும். அந்த அசையாத இடத்தின் நட்டநடுதான் உச்சி. கண்ணால் பிடிக்க வராது. ஸ்ட்ராவில் ஒரு கோடு போட்டு, ஏறும்போது கோடு ஓட்டை விளிம்புக்கு வரும் இடத்தில் ஃப்ளைவீலில் ஒரு புள்ளி, இறங்கும்போது அதே கோடு திரும்ப வரும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவை எடுத்தால் உச்சி கிடைத்துவிடும். அங்கே நிறுத்தி, காயிலின் ஒரு காலுக்கு நேரே ஃப்ளைவீலில் ஒயிட்னரால் கோடு போட்டேன். பிறகு கோட்டிலிருந்து காந்தத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று நூல் வைத்து அளந்தேன்.

மாமாவின் எஞ்சினில் ஒரு அளவு. என்னுடையதில் காந்தம் அதைவிடத் தெளிவாகத் தாண்டிப் போயிருந்தது. வித்தியாசத்தைச் சுற்றளவால் வகுத்து 360-ஆல் பெருக்கினேன். 12 டிகிரிக்குப் பக்கம் வந்தது. நூல், ஒயிட்னர், ஸ்ட்ரா என்று வைத்து அளந்ததில் ஓரிரு டிகிரி முன்னே பின்னே இருக்கும். ஆனால் 20-ல் விழ வேண்டிய பொறி 30-ஐத் தாண்டி விழுகிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

ஃப்ளைவீல் நட்டைக் கழற்றுவது பெரிய வேலை என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிக்க வேண்டுமே. ஸ்குரூ டிரைவரைக் குளிர்விக்கும் இறக்கைகளுக்கு நடுவில் கொடுத்தால் இறக்கை ஒடியும். நான் செய்வது நைலான் கயிறு வித்தை: அமுக்கம் தெரியும் உச்சியைத் தாண்டி பிஸ்டன் பாதி இறங்கியதும், பிளக் ஓட்டை வழியாக மெல்லிய நைலான் கயிற்றைச் சுருட்டித் திணிப்பது, வால் மட்டும் வெளியே. நட்டைக் கழற்றும் திசையில் திருப்பினால் பிஸ்டன் திரும்ப மேலே வந்து கயிற்றில் முட்டி நிற்கும். வால்வுகள் மூடியிருக்கும் நேரம் என்பதால் அவற்றுக்கு ஆபத்து இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரை மாட்டித் திருப்பினால், நட்டு, ஸ்பானரில் நெம்பக் குழாய்கூடச் செருகாமல், வீங்கிய விரல் உள்ள அதே கையால் கழன்று வந்தது. கயிற்றைத் திணித்ததே வீண். அங்கேயே மனசுக்குள் ஏதோ சங்கடம் பண்ணியது.

கயிறு மாட்டும் கப், பிளாஸ்டிக் விசிறி இரண்டையும் எடுத்தேன். நட்டைத் தண்டின் முனைக்குச் சமமாக வரும்படி திரும்பப் போட்டேன், மரை அடிபடாமல் இருக்க. பைக் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய, இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரை, காந்தத்திலோ இறக்கையிலோ படாமல் மாட்டினேன். சாதாரணமாக இந்த இடத்தில்தான் மல்லுக்கட்டு. புல்லரை இறுக்கி, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, காத்திருந்து, இன்னும் கொஞ்சம் இறுக்கி, கடைசியில் ‘டங்’ என்று கோயில் மணி மாதிரிச் சத்தத்தோடு விடும். இதுவோ அரைச் சுற்று இறுக்கியதுமே பேசாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கீ பள்ளத்திலேயே இருந்தது. அறுந்து விழவில்லை. ஆனால் அதன் நெற்றியைப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இரண்டு தட்டு: கீழ்ப்பாதி கிராங்க்கின் காடியில் நேராக, மேல்பாதி ஒரு பக்கமாக நகர்ந்து, நடுவில் பளபளவென்று புதிதாகக் கிழிந்த இரும்பு. நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டுப்பட்டது. வெர்னியர் அளவுகோலில் 2 மி.மீ. அந்த இடத்தில் தண்டின் விட்டம் 20 மி.மீ. அளவுக்கு இருந்தது, சுற்றளவு 63 மி.மீ. என்று வைத்தால் 2 மி.மீ. என்பது பதினொன்றரை டிகிரி. இளநீர் ஸ்ட்ரா கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லியிருந்தது.

இதோடு ‘கல் இடித்தது, கீ அறுந்தது’ என்று முடித்திருக்கலாம். முடிக்க விடாதது டேப்பரில், அதாவது ஃப்ளைவீல் உட்காரும் கூம்பில், இருந்த பிசுபிசுப்பு. விரலால் தொட்டால் பழுப்பு நிறத்தில் கிரீஸ். தண்டின் கூம்பிலும், ஃப்ளைவீலின் உட்புறத்திலும் சீராக, யாரோ பொறுப்பாகத் தடவிய மாதிரி.

தடவியது நான்தான். போன வருஷம் ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல் கசிந்தபோது இதைக் கழற்றினேன். அப்போது அந்த மல்லுக்கட்டெல்லாம் நடந்தது. திரும்ப மாட்டும்போது, ‘அடுத்த தடவை சுலபமாகக் கழன்று வரட்டும், துருவும் பிடிக்காமல் இருக்கட்டும்’ என்று ஒரு விரல் கிரீஸ் எடுத்து நன்றாகத் தடவி, நட்டைக் கை பலத்துக்கு இறுக்கிவிட்டு எழுந்தேன். பெரிய காரியம் செய்ததாக நினைப்பு வேறு.

ஃப்ளைவீலைப் பிடித்து வைப்பது கீ இல்லை. கூம்பும் கூம்பும் உலர்ந்து, இரும்போடு இரும்பு கவ்விக்கொள்ளும் அந்தப் பிடிதான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. கீ, மாட்டும்போது ‘இங்கேதான் உட்கார வேண்டும்’ என்று இடம் காட்டும் அடையாளம், அவ்வளவே. கூம்பு சரியாகக் கவ்வியிருந்தால் கீயை எடுத்துவிட்டாலும் ஃப்ளைவீல் லேசில் நகராது. கல்லில் மாட்டி நிற்காத வீடர் எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலுமா கீ அறுகிறது? என்னுடையதில் கவ்வ வேண்டிய இடத்தில் கிரீஸ். பாரம் முழுக்க அந்தச் சின்னத் துண்டின் தலையில் விழுந்துவிட்டது. கிராங்கைக் காப்பாற்ற வைத்த ஃபியூஸ்தான் கீ என்று ஒரு பேச்சு உண்டு. புல்வெட்டும் எஞ்சின்களில் பலவற்றில் கத்தி நேராகக் கிராங்க்கிலேயே இருக்கும்; அவற்றில் மெதுவான உலோகத்தில் கீ போடுவார்கள், அது சுலபமாக வெட்டுப்படும், உண்மை. ஆனாலும் வெட்டுப்பட்டால் கத்தி எதிலோ மோதியது என்பதோடு நிறுத்தாமல், நட்டும் கூம்பும் எப்படி இருந்தன என்று பார்ப்பது நல்லது. மெதுவான கீ போடும் எஞ்சினில் ‘பலமாக இருக்கட்டுமே’ என்று ஸ்டீல் துண்டை ராவிப் போடுவதும் வேண்டாத வேலை.

புது கீ 30 ரூபாய். அதே எஞ்சினுக்கானது என்று கேட்டு வாங்கினேன். ஃப்ளைவீலின் காடி விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், தப்பித்தது. அது அகன்றிருந்தால் புது கீ போட்டும் ஆட்டம் நிற்காது, ஃப்ளைவீலையே மாற்ற வேண்டியதுதான். கிராங்க்கின் காடி ஓரத்தில் மயிரிழைப் பிசிறு ஒன்று எழும்பியிருந்தது. அதைச் சின்ன அரத்தால் இரண்டே இழுப்பில் எடுத்தேன்.

கூம்பில் ஃப்ளைவீல் வழுக்கிய வளையக் கோடுகள் இருந்தன. வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் துளியூண்டு தடவி, கீ இல்லாமல் ஃப்ளைவீலை மாட்டி, கையாலேயே இடமும் வலமுமாக ஒரு இருபது முப்பது தடவை அரைத்தேன். துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் கூம்பு முழுக்கச் சீராக ஏறியிருந்தது. முன்பு மேல் ஓரத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது. பேஸ்ட் ஒரு பொட்டுகூட ஆயில் சீல் பக்கம் போகக் கூடாது. சீலைச் சுற்றித் துணி சுற்றியிருந்தேன். பிறகு பெட்ரோல் நனைத்த துணியால் இரண்டு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. விரல் வைத்தால் வழுக்காமல் ‘கிரீச்’ என்று பிடிக்க வேண்டும், கழுவிய தட்டு மாதிரி. எதையும் தடவவில்லை.

கீயைப் பள்ளத்தில் வைக்கும்போது அதன் தட்டையான முதுகு கூம்பின் சரிவோடு ஒத்துப் படுத்திருக்க வேண்டும். அரைவட்டம் என்பதால் அது ராட்டினம் மாதிரிச் சாயும். ஒரு முனை எழும்பி நின்றால் ஃப்ளைவீல் அதன்மேல் ஏறிக்கொண்டு, முழுதாக உட்காராமலே உட்கார்ந்த மாதிரி நடிக்கும். ஃப்ளைவீலை நேராக இறக்கி, கைக்கு ஆட்டம் தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு விசிறியைப் போட்டேன். விசிறியின் முளைகள் ஃப்ளைவீலின் ஓட்டைகளில் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாமல் நட்டை இறுக்கினால் விசிறி விரிசல் விடும்.

நட்டுக்கு ஜிஎக்ஸ்200-க்குச் சொல்லும் இறுக்கம் 75 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. பஞ்சு எடை போடும் கொக்கித் தராசு இருக்கிறது. ஸ்பானர் கைப்பிடியில் குழாய் செருகி, நட்டின் மையத்திலிருந்து சரியாக 50 செ.மீ. தள்ளிக் கொக்கியை மாட்டி, குழாய்க்குச் செங்குத்தாக இழுத்தால், தராசில் 15 கிலோ காட்டும்போது கிட்டத்தட்ட 75-க்கு வந்துவிட்டது. இம்முறை கயிற்று வித்தை நிஜமாகவே தேவைப்பட்டது, திசை மட்டும் மாற்றி: பிஸ்டன் அமுக்கத்தில் பாதி ஏறும்போது திணிக்க வேண்டும். அந்தப் 15 கிலோவுக்கு இழுத்த பிறகுதான், போன வருஷம் நான் ‘கை பலத்துக்கு’ இறுக்கியது எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தது. அதில் பாதிகூட இருந்திருக்காது.

ஸ்ட்ராவை மறுபடி விட்டு அளந்தேன். மாமாவின் எஞ்சின் அளவும் என்னுடையதும் நூலிழைக்கு ஒத்துவந்தன. மூடியை மாட்டினேன். அண்ணன் “நான் இழுக்கறனுங்க தம்பி, உங்க கை பாவம்” என்றார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சோக்கைத் தள்ளியதும் அடங்கி, ஒரே சீராக ஓடியது.

ஓட்டிப் பார்த்த பிறகு பழைய காயிலைத் திரும்பப் போட்டேன். அதிலும் அதே மாதிரிதான் கிளம்பியது. புதியதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மோட்டார் ரூம் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். காயில் கெட்டால் எப்படித் தெரியும் என்றால், பெரும்பாலும் சூட்டில் தெரியும்: இருபது நிமிஷம் ஓடி நிற்கும், ஆறினால் கிளம்பும். ஆனால் டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்தாலும் இதே கூத்துதான். நின்றவுடன் சூட்டோடு சூடாகப் பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இருந்தால் மூடியைத் தளர்த்திவிட்டு இழுத்துப் பாருங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் இரண்டும் யோக்கியமாக நடிக்கும்.

நட்டுக்கும் கப்புக்கும் குறுக்கே ஒயிட்னரால் ஒரு கோடு போட்டிருந்தேன். பத்து மணி நேரம் ஓடிய பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோடு முறியாமல் அப்படியே இருந்தது.

கிழக்கு வாழையில் அண்ணன் காட்டிய இடத்தைக் கடப்பாரையால் தோண்டினோம். ஒரு முழ நீளத்தில் பழைய மடைக்கல். வாய்க்கால் இடம் மாறியபோது புதைந்து போயிருக்க வேண்டும். ஒரு மூலையில் கத்தி பட்ட வெள்ளைத் தழும்பு தெரிந்தது. இரண்டு பேருமாகப் புரட்டிக்கொண்டு வந்து மோட்டார் ரூம் வாசலில் படியாகப் போட்டுவிட்டோம்.